வலி மாத்திரையும் விரிந்த பித்தநாளமும்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிபிடி 11 மி.மீ., டைலேட்டட்' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. சிபிடி என்பது பித்தநாளம். பொதுவாக அதன் அகலம் 6 மி.மீட்டருக்குள் இருக்கும். வயது ஏற ஏறக் கொஞ்சம் அகலும். பித்தப்பையை அகற்றியவர்களுக்கு 10 மி.மீ. வரைகூடப் போகலாம். அதையும் தாண்டினால் கல்லா, கட்டியா என்று டாக்டர்கள் தேடுவார்கள். தேடியும் ஒன்றும் அகப்படாத சிலரிடம் காரணம் மாத்திரை டப்பாவில் இருக்கும்: முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ வருடக்கணக்கில் விழுங்கிவரும் ஓபியாய்டு மருந்து.

மார்ஃபின், கோடீன், டிரமடால், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச், போதை மீட்பு சிகிச்சையில் தரும் மெத்தடோன் எல்லாம் இந்த வகைதான். வலியை அமுக்குவதோடு இவை நிற்பதில்லை. குடலின் அசைவைக் குறைத்து மலச்சிக்கல் தருவது, சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதிகம் பேசப்படாத இன்னொரு இடமும் உண்டு. பித்தநாளமும் கணைய நாளமும் முன்சிறுகுடலில் வந்து திறக்கும் வாயில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. பெயர் 'ஓடி' சுருக்குத்தசை. 1887-இல், இத்தாலியின் பெருஜியாவில் மருத்துவ மாணவராக இருந்த ருஜ்ஜேரோ ஓடி இதை ஆராய்ந்து எழுதினார். விதியின் குறும்பைப் பாருங்கள்: பின்னாளில் அவரே போதைமருந்துப் பழக்கத்தில் சிக்கி, ஜெனோவாவில் வகித்த பதவியை இழந்தார்.

ஓபியாய்டு உள்ளே போனதும் இந்தத் தசை இறுகுகிறது. பித்தம் வடிவது மந்தமாகிறது, பின்னால் அழுத்தம் கூடுகிறது. மாதக்கணக்கில் இது நீடித்தால் நாளம் மெல்ல அகன்றுவிடுகிறது. கணைய நாளமும் சிலருக்கு விரியும், ஆனால் அது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. பலருக்கு வலியும் இருக்காது, காமாலையும் இருக்காது. கல்லீரல் ரத்தப் பரிசோதனைகூட ஒழுங்காகவே வரும். அபின் பழக்கம் ஊர்ச் சடங்குகளிலேயே ஊறிப்போன ராஜஸ்தானிலிருந்தும், ஈரானிலிருந்தும் இத்தகைய நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பித்தப்பை இல்லாதவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் பை அவர்களுக்கு இல்லை. கோடீன் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலியும் கணைய அழற்சியும் வந்தவர்கள் உண்டு. வயிற்றுப்போக்குடன் கூடிய குடல் எரிச்சல் நோய்க்கான எலக்ஸடோலின் என்ற மருந்தும் ஓபியாய்டு ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. பித்தப்பை அகற்றியவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்று 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது; காரணம் கணைய அழற்சிதான்.

இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கலாம். மாத்திரை விவரம் கேட்காமலே, எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுப் பித்தநாளத்தில் செய்யும் ஈ.ஆர்.சி.பி. வரை போவது ஒன்று. அந்தச் சிகிச்சையே சிலருக்குக் கணைய அழற்சியைத் தரும். 'எல்லாம் மாத்திரையால்தான்' என்று கைகழுவுவது மற்றொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பித்தநாளம், கணைய நாளம் இரண்டும் சேர்ந்து விரிந்திருந்தாலோ, காமாலை, எடைக்குறைவு இருந்தாலோ, கணையத் தலைப்பகுதியில் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்தாக வேண்டும். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டும் அதற்கு உதவும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களுக்கு அது அவசியத் தேவை. திடீரென நிறுத்தினால் உடல் நடுங்கி, வியர்த்து, வலி பல மடங்காகத் திரும்பும். ஸ்கேனுக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பேட்ச் உறையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கியதாக இருந்தாலும் மறைக்காதீர்கள்.