பாதம் கழுவிப் பழகும் இரு சபைகள்: மெனோனைட்டுகளும் கத்தோலிக்கர்களும்

பெரிய வியாழன் வழிபாட்டில் பாதம் கழுவும் சடங்கை நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் நன்கு அறிவர். அமெரிக்காவில் இதே சடங்கு, ஏறக்குறைய 500 ஆண்டுகளாகப் பிரிந்திருந்த இரு சபையினரை அருகருகே உட்கார வைத்திருக்கிறது.

பிரிட்ஜ்ஃபோக் என்பது கத்தோலிக்கர்களும் மெனோனைட்டுகளும் சேர்ந்து நடத்தும் இயக்கம். 1999இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாகக் கூடிய இவர்கள், 2002 முதல் மினசோட்டா மாநிலத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் மடத்தில் பல ஆண்டுகள் சந்தித்து வந்தனர். அது பெனடிக்டின் துறவிகளின் மடம்.

யார் இந்த மெனோனைட்டுகள்?

1525ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பிப் பெறுவதுதான் திருமுழுக்கு என்று கூறி, மீண்டும் திருமுழுக்குப் பெற்றனர். ஆயுதம் ஏந்துவதையும் இவர்களில் பெரும்பாலோர் மறுத்தனர். பின்னர் இவர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவர் மெனோ சைமன்ஸ். கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536இல் விலகியவர். அவர் பெயரே சபைக்கு நிலைத்தது.

அண்டை நாடான இந்தோனேசியாவிலும் மெனோனைட் சபைகள் உண்டு. இவர்களின் உலக மாநாடு 2022இல் ஜாவாவின் செமாராங்கில் நடந்தது.

மறக்க முடியாத காயம்

இவர்களைப் புராட்டஸ்டண்டு அரசுகளும் கொன்றன, கத்தோலிக்க அரசுகளும் கொன்றன. பெனடிக்டின் மடத்திலிருந்து விலகி இவர்களோடு சேர்ந்த மைக்கேல் சாட்லர், 1527இல் ஜெர்மனியின் ரொட்டன்பர்க்கில் எரித்துக் கொல்லப்பட்டார். 1569இல் நெதர்லாந்தில் தப்பியோடிய டிர்க் வில்லெம்ஸ், தன்னைத் துரத்தியவர் பனி உடைந்து நீரில் விழுந்ததைக் கண்டு திரும்பி வந்து காப்பாற்றினார். அதனால் பிடிபட்டு எரிக்கப்பட்டார். இக்கதைகளை மெனோனைட் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்துள்ளன.

அதனால்தான், ஒரு பெனடிக்டின் மடம் மெனோனைட்டுகளை விருந்தினராக ஏற்றது சிறிய செய்தி அல்ல.

ஏன் பாதம் கழுவுதல்?

நற்கருணை விருந்தை இரு சபையினரும் ஒன்றாகப் பெற முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு அதற்கு இடம் தருவதில்லை. ஒரே பந்தியில் அமர முடியாத வருத்தம் இரு பக்கமும் உண்டு. தம்பதியர் வெவ்வேறு சபையினராக இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பாதம் கழுவுவதற்கோ எந்தத் தடையும் இல்லை. மெனோனைட் சபைகள் பலவற்றில் அது பழைய வழக்கம். ஆகவே பிரிட்ஜ்ஃபோக் கூட்டங்களில் அதுவே இரு சாராரின் பொதுச் சடங்காக இடம்பெற்று வருகிறது.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. வழிபாட்டின் ஆழத்தைத் தேடும் மெனோனைட்டுகள் கத்தோலிக்கரிடம் கற்கிறார்கள். அமைதி வழியில் நாட்டமுள்ள கத்தோலிக்கர்கள் மெனோனைட்டுகளிடம் கற்கிறார்கள்.

தலைமையும் பேசியது

வத்திக்கானும் உலக மெனோனைட் மாநாடும் 1998 முதல் 2003 வரை பேச்சு நடத்தி, கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. பழைய வரலாற்றை இரு தரப்பும் சேர்ந்து மீண்டும் வாசித்தது அதன் முக்கியப் பகுதி. 2025 மே மாதம் சூரிக்கில் நடந்த 500ஆம் ஆண்டு நினைவு விழாவுக்குப் போப்பாண்டவர் பதினான்காம் லியோ செய்தி அனுப்பினார்.

குழந்தைத் திருமுழுக்கு, நற்கருணை, போர் எப்போதாவது நியாயமாகுமா என்ற கேள்வி ஆகிய மூன்றிலும் வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. அதை யாரும் மறைக்கவில்லை. எல்லாம் தீர்ந்த பிறகு பழகலாம் என்று காத்திருந்தால், இன்னொரு 500 ஆண்டும் ஓடிவிடும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வாதம் பிறகு தொடர்ந்தது. தண்ணீரும் துண்டும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.