இழையும் கோலமும்

1970-இல் விஞ்ஞானி ஹர் கோபிந்த் குரானா ஈஸ்ட் மரபணு ஒன்றை முழுக்கச் செயற்கையாக உருவாக்கினார். வெறும் 77 டி.என்.ஏ. எழுத்து இணைகள் கொண்ட மரபணு. அதற்கு ஒரு பெரிய குழு ஆண்டுக்கணக்கில் உழைத்தது. இன்று டி.என்.ஏ. இழை வேண்டுமென்றால் எழுத்து வரிசையைக் கணினியில் தட்டி அனுப்பினால் போதும். சில நாட்களில் சின்னக் குப்பியில் வந்துவிடுகிறது.

இந்த இழைகளால் உருவங்கள் கட்டலாம் என்று 1982-இல் எழுதியவர் அமெரிக்காவின் நெட் சீமன். அவருடைய முதல் கனசதுரம் 1991-இல்தான் வந்தது. படிப்படியாக ஒட்டி, இடையிடையே சுத்திகரித்துச் செய்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஜெல்லில் பட்டைகள் ஓடிய தூரத்தை வைத்தே உருவத்தை உறுதிசெய்தார்கள்.

2006-இல் ஆய்வாளர் பால் ரோத்தமண்ட் இந்த வேலையின் போக்கையே மாற்றினார். வைரஸிலிருந்து எடுத்த, 7,000 எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஒரே இழை; அதை ஆங்காங்கே பிடித்து மடக்க 200-க்கும் மேற்பட்ட குட்டி இழைகள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பெருமாட்டியின் தமிழ் வீட்டு வாசலில் சிக்குக் கோலத்தின் ஒற்றைக் கோடு எல்லாப் புள்ளிகளையும் வளைத்து வருமே, அப்படி. கோலத்துக்குக் கை வேண்டும்; இங்கே டி.என்.ஏ. எழுத்துகளில் ஏ-யோடு டி, ஜி-யோடு சி சேரும் விதியே அந்த வேலையைச் செய்கிறது. மெக்னீசியம் கலந்த உப்புக் கரைசலில் 95 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள், சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில், ஒரு துளியில் கோடிக்கணக்கான சிரித்த முகங்கள்! அணுவிசை நுண்ணோக்கி அவற்றைப் படமாகவே காட்டியது.

நம் பக்கத்திலும் இது வளர்ந்தது. பரப்பனங்காடியில் பிறந்து சென்னையில் படித்த யமுனா கிருஷ்ணனின் குழு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2009-இல் இருபது முகக் கூடு ஒன்றை இரண்டு பாதிகளாகக் கட்டி, உள்ளே தங்கத் துகள்களை வைத்து மூடியது. உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் டி.என்.ஏ. கருவியையும் அதே ஆண்டில் வெளியிட்டது.

இந்த வளர்ச்சியில் இழந்ததும் உண்டு. அன்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தவர்களுக்கு அந்தப் பிணைப்புகளின் குணம் கைப்பழக்கமாகவே தெரியும். இன்று வடிவத்தை மென்பொருள் பிரித்துத் தருகிறது, இழை தபாலில் வருகிறது. உருவம் கோணிப்போனால் காரணம் தேடத் தேவைப்படுவது அந்தப் பழைய பழக்கம்தான். அது அருகிவருவது எனக்குக் கவலை தருகிறது.

படிக்கும் வாய்ப்பும் மாறியிருக்கிறது. பெருமாட்டி மாணவருக்குக் குரானா காலத்தில் பக்கத்தில் இருந்தது 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரி. 2015 முதல் பாலக்காட்டிலேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. இழைகளைச் சூடாக்கி ஆறவிட, கொரோனா காலத்தில் ஊரறிந்த பி.சி.ஆர். கருவியே போதும். விளைந்ததைப் படமாகப் பார்க்கத்தான் இன்னமும் பெரிய ஆய்வகங்களை நாட வேண்டியிருக்கிறது.