மஞ்சள் கல் பேசுகிறது!

ரெயில் நிலையப் பிளாட்பாரத்தில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல மஞ்சள் கற்களை வரிசையாகப் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மெட்ரோ ரெயில் நிலையங்களுக்குள்ளும் இந்த மஞ்சள் வரிசை நீளமாகப் போகும். சில கற்களில் நீளக் கோடுகள் இருக்கும். சில கற்களில் வட்டப் புள்ளிகள் இருக்கும். செருப்புக் காலால் மிதித்தாலும் மேடு தெரியும்.

அழகுக்காகப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வழுக்காமல் இருப்பதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் அல்ல!

அவை பேசும் கற்கள். கண் தெரியாதவர்களின் காலோடும் கைத்தடியோடும் அவை பேசுகின்றன.

கோடு போட்ட கல், "இப்படியே நேராக நட" என்கிறது. புள்ளி வைத்த கல், "நில்! முன்னால் படி இருக்கிறது, அல்லது சாலை இருக்கிறது, அல்லது பாதை திரும்புகிறது" என்கிறது. இந்த இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு, கண் தெரியாத ஒருவர் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போகலாம்.

நண்பருக்காகப் பிறந்த கல்

இந்தக் கல் பிறந்த நாடு ஜப்பான். செய்ச்சி மியாகே என்பவரின் நண்பருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அவருக்கு உதவவேண்டும் என்று மியாகே தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து, 1965-ஆம் ஆண்டில் இந்தக் கல்லை உருவாக்கினார்.

1967 மார்ச் 18-ந் தேதி, ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள தெருவில் முதல் முதலாக இதைப் பதித்தார்கள். பிறகு ரெயில் நிலையங்களுக்குப் போயிற்று. இன்று உலகெங்கும் பரவிவிட்டது.

மஞ்சள் நிறம் ஏன்? பார்வைக் குறை உள்ள எல்லோருக்கும் உலகம் முழு இருட்டு அல்ல. பலருக்கு மங்கலாகத் தெரியும். சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் அவர்கள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறது.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

கண் தெரியாதவருக்கு மஞ்சள் கல். நடக்க முடியாதவருக்கு என்ன?

அவருக்குச் சாய்வுப் பாதை வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1 அடி உயரம் ஏற வேண்டுமானால், சாய்வு 12 அடி நீளம் இருக்கவேண்டும்.

ஒரு கட்டடத்தின் வாசலில் 6 அங்குலத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. மொத்த உயரம் 1 அடி. அங்கே 12 அடிக்குச் சாய்வு போடவேண்டும். பல இடங்களில் என்ன செய்கிறார்கள்? மூன்று அல்லது நான்கு அடிக்குச் சிமெண்டைக் கொட்டிப் பூசிவிட்டு, "பாதை போட்டாயிற்று" என்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது தலை குப்புறத் தள்ளிவிடும்.

இன்னும் சில அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கதவு வழி 3 அடி இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். நாற்காலியைத் திருப்ப 5 அடி இடம் வேண்டும். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 6 அடி அகலம் வேண்டும். நடைபாதையின் உயரம் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு கண்ணி அறுந்தால்...

பாதை என்பது சங்கிலி போன்றது. பத்துக் கண்ணிகளில் ஒன்பது நன்றாக இருந்து, ஒன்று அறுந்துபோனால் என்ன பயன்?

மஞ்சள் கல்லை நம்பி ஒருவர் நடக்கிறார். அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால்? முழங்காலில் அடிதான்! ஆஸ்பத்திரி வாசலில் அருமையான சாய்வுப் பாதை இருக்கிறது. ஆனால் உள்ளே கழிப்பறைக் கதவு 2 அடிதான் என்றால், வந்தவர் என்ன செய்வார்? பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு மாடியில் நடக்கிறது. ஏற வழி இல்லை என்றால், கால் நடக்காத பெண் குழந்தையின் படிப்பு கீழ்த்தளத்தோடு நின்றுவிடும்!

"செய்யலாம்" அல்ல, "செய்!"

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள் இருந்தார்கள். அவர்களுக்காக 1995-லும், பிறகு 2016-லும் சட்டங்கள் செய்யப்பட்டன. பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் வந்துபோகும்படி மாற்றவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி, இந்த உரிமைக்காக 2005-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் 2024 நவம்பர் 8-ந் தேதி முக்கியமான தீர்ப்பு வந்தது.

சட்டம் "செய்தே ஆகவேண்டும்" என்கிறது. அதன் கீழ் எழுதிய விதியோ, யோசனை சொல்வதோடு நின்றுவிடுகிறது. இது செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். யாரும் மீற முடியாத கட்டாய அளவுகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள்.

கடலைத் தொட ஒரு வழி

சென்னை மெரினாவில் மணல் அதிகம். சக்கர நாற்காலி அதில் புதைந்துவிடும். ஆகவே கடலைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்!

2022 நவம்பரில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலைக்கு அருகிலேயே போனார்கள். ஆனால் அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து பாதையைச் சேதப்படுத்தியது. பிறகு பழுது பார்த்தார்கள்.

பாதை போட்டால் மட்டும் போதாது. அதைக் காக்கவும் வேண்டும் என்பதை அந்தப் புயல் காட்டிவிட்டது.

நம் பங்கு என்ன?

மஞ்சள் கல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கடைச் சாமான்களை அடுக்காதீர்கள். வீடு கட்டும்போது வாசல் படியை நடைபாதைக்கு இழுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ சாய்வுப் பாதை போட்டால், ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு இல்லை என்றால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இது யாரோ சிலருக்கான காரியம் என்று எண்ணவேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிக்கும், குழந்தையை இடுப்பில் தூக்கிவரும் தாய்க்கும், தடி ஊன்றி வரும் தாத்தாவுக்கும் அந்தப் பாதைதான் துணை. நமக்கும் ஒரு நாள் முதுமை வரும். அன்று நம் காலுக்கும் அந்தப் பாதை வேண்டும். அதை இன்றே ஒழுங்காகப் போட்டு வைப்போம்!