சுழலும் தட்டு – 9: முள்ளின் மேல் இரண்டு கிராம்

டர்ன்டேபிள் வாங்கிச் சில மாதம் பாட்டுக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: “இன்னும் நல்லா கேக்கணும்னா எதை மாத்தணும்?” என் பதில், இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் என்பதே. இருப்பதைச் சரியாகப் பொருத்தியபிறகு கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதன்பின் செலவே தேவைப்படாது.

1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன் ஒரு வாதத்தை முன்வைத்தார். தட்டிலிருந்து எடுக்கத் தவறிய ஒலியை அதன்பின் எந்த ஆம்ப்ளிஃபயராலும் ஸ்பீக்கராலும் மீட்க முடியாது, ஆகவே முதல் பணம் டர்ன்டேபிளுக்குப் போக வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் விலை உயர்ந்த டர்ன்டேபிளைத் தேடி ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலியை எடுப்பது முள். கவனம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அதற்கு முன், கருவியை வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்து இரு திசையிலும் பாருங்கள். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வை முள் மறுபடி வாங்கி அனுப்பும், தாழ்ந்த சுரங்கள் குழம்பிப்போகும். சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை.

இனி முள்ளின் மேல் விழும் எடை. தட்டு தாவினால் டோன் ஆர்மின் தலையில் நாணயம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. 1992இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 4.85 கிராம். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (முள் செருகப்படும் பாகம்) கேட்பதோ 2 கிராம், கூடிப்போனால் 2.2. நாணயத்தையும் சேர்த்தால் ஏழு கிராமை நெருங்குகிறது. முள் தட்டைத் தொடும் பரப்பு மிகமிகச் சிறியது என்பதால் அந்த அழுத்தத்தில் பள்ளத்தின் சுவர் தேய்கிறது, முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டும் அமுங்கிப்போகிறது.

இதற்கு நேரெதிரான தவறும் பரவலாக உண்டு. எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நம்பி 1.5 கிராமில் வைக்கிறார்கள். பாடகர் உச்சத்துக்குப் போகும் இடத்தில் லேசான முள் பள்ளத்தின் சுவரை விட்டு விலகி, திரும்ப வந்து மோதுகிறது. கேட்பவருக்கு அது ஒரு கரகரப்பு, தட்டுக்கோ ஆறாத காயம். பிறகு எவ்வளவு நல்ல முள்ளைப் போட்டாலும் அந்தக் கரகரப்பு அங்கேயே இருக்கும். சந்தேகம் வந்தால், தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120 போன்ற கருவியில் இதைச் செய்வது எளிது. ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட் குமிழைச் சுழியத்தில் வைத்து, முள்ளின் உறையைக் கழற்றி, ஆர்ம் தானாக மிதந்து படுக்கைவாட்டில் நிற்கும்வரை பின்னாலுள்ள எடையைத் திருகுங்கள். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்பி, பிறகு இரண்டையும் சேர்த்து 2க்குக் கொண்டுவாருங்கள். ஆன்டி-ஸ்கேட்டையும் 2இல் வைத்துவிடலாம். முள்ளுக்கென்றே விற்கும் சிறிய டிஜிட்டல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் மனம் நிம்மதியாகும்.

ஏடி-எல்பி60 வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதில் எடை நிலையானது, கார்ட்ரிட்ஜையும் மாற்ற முடியாது. முள் தேய்ந்ததும் புது முள் போடலாம், அவ்வளவுதான். அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பணம் செலவழிக்காமல் அடுத்த கருவிக்குச் சேர்த்துவையுங்கள்.

இத்தனையும் செய்தபிறகும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறுகின்றனவா? அது தட்டின் இயல்பிலேயே உள்ள சிக்கல். எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளின் அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், லேபிளை நெருங்கும்போது 21 தான். அதே ஒரு நொடிப் பாட்டு அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்கப்பட்டிருக்கிறது. உருண்டை முனையும் சாதாரண நீள்வட்ட முனையும் அந்த நெளிவுகளுக்குள் முழுதாக நுழைவதில்லை.

முதல் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜின் உடலைத் தொட வேண்டாம், முள்ளை மட்டும் உருவிவிட்டு, அந்த நெளிவுகளுக்குள் நுழையும் மெல்லிய முனையுள்ள மைக்ரோலீனியர் முள்ளைச் செருகலாம். விலை கூடுதல்தான். ஆனால் நீள்வட்ட முள்ளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம், இதற்கு 1,000. கடைசிப் பாட்டின் சீறல் அடங்கி, வயலின்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்போது அந்தப் பணம் எங்கே போயிற்று என்று புரியும்.

போனோ ப்ரீஆம்ப் அதற்கெல்லாம் பிறகுதான். 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்ஐஏஏ முறைப்படி தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் செதுக்குகிறார்கள். ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்து, சில மில்லிவோல்ட் மின்சாரத்தைப் பெரிதாக்குகிறது. கருவிக்குள்ளேயே அது இருந்தால் பின்புறச் சுவிட்சைப் பாருங்கள். ‘லைன்’ நிலையில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ‘போனோ’ துளையில் செருகினால் இந்த வேலை இரண்டு முறை நடந்து ஒலி வெடிக்கும். தனி ப்ரீஆம்ப் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கர் வாங்குவதையே நான் சொல்வேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தாத்தா காலத்துத் தட்டுகள் பரணில் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மேலைநாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியாவில் 78 அச்சானது; பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78இல் வந்தன. ஆகவே அவை நிறையவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் பள்ளம் அகலம். எல்பி முள் அதன் சுவரில் உட்காராமல் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசி ஓடும். அதற்கென்று பருத்த முனையுள்ள தனி முள் உண்டு, அதைப் போட்டே கேளுங்கள்.

தட்டுகளைக் கழுவுவது பற்றி அடுத்த வாரம். அதற்குள் 78ஐ யாரும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும்.