பனிநாட்டுப் பூசணிச் சலாது

சலாது என்றதும் குளிர்ந்த தட்டிலே பரப்பிய பச்சை இலைகளும், வெள்ளரித் துண்டுகளும், தக்காளியுமே நம்மவர் நினைவுக்கு வரும். அதனைச் சூட்டோடு உண்பதென்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆயின் அச்சொல்லின் வேரை ஆராயுமிடத்துக் குளிர்ச்சி என்னும் பொருள் அதில் இல்லை என்பது புலனாகும். உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிப் பிறந்தது அது; உப்பிட்டது என்பதே அதன் முதற்பொருள்.

இலையுதிர்காலம் முற்றிக் காற்றிலே பனியின் கூர்மை ஏறும் வட அமெரிக்க நாடுகளில், போறணையில் வாட்டிய பூசணியைக் கீரையோடு கலந்து, புளிப்பும் இனிப்பும் கூடிய எண்ணெய்க் கலவையை வார்த்து, இளஞ்சூடு ஆறுமுன் உண்பர். நம் உற்றார் உறவினர் பெருந்தொகையாய் வாழும் தொரன்ரோ நகரக் கடைகளிலே ஒக்டோபர் மாதத்தில் இப்பூசணிகள் பல நிறத்திலும் பல வடிவத்திலும் குவிந்து கிடக்கும். அவற்றைக் கண்டு, எப்படிச் சமைப்பதென்று அறியாது கடந்துபோகும் நம் குடும்பங்களும் உள. அவர்களுக்கும், இங்கிருந்தே அறிய விரும்பும் வாசகர்களுக்கும் பயன்படுமென்று கருதி, அவ்வுணவின் செய்முறையையும், அதன் பின்னே நிற்கும் ஒரு நெடுங்கதையையும் கூறப் புகுந்தோம்.

பெயரில் உள்ள மயக்கம்

இதனை அந்நாட்டார் குளிர்காலப் பூசணி என்பர். மாணவர் இப்பெயரைக் கேட்டுக் குளிர்காலத்தில் விளைவது எனக் கொள்ளலாகாது. பூசணிக் கொடி பனியைத் தாங்காது. கோடையில் வளர்ந்து, இலையுதிர்காலத்தில் முற்றி, குளிர்காலம் முழுவதும் கெடாது வைத்துண்ணத் தக்கது என்பதனாலேயே இப்பெயர் பெற்றது. தோல் இளசாய் இருக்கும்போதே பறித்து உண்ணப்படும் மற்றோரினம் கோடைப் பூசணி எனப்படும்.

பூசணியின் ஆங்கிலப் பெயரும் ஐரோப்பியரின் சொத்தன்று. இன்றைய ரோட் ஐலண்ட் மாநிலப் பகுதியில் வாழ்ந்த நரகன்செற் மக்களின் மொழியில் 'அஸ்குட்டஸ்குவாஷ்' என்றொரு சொல் உண்டு. பச்சையாக உண்ணத் தக்கது என்பது அதன் பொருள். 1643 ஆம் ஆண்டில் றொஜர் வில்லியம்ஸ் என்பார் அம்மக்களின் மொழியைப் பற்றி வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் பதிந்து வைத்தார். அதன் கடைக்கூறே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

நம் தமிழிலும் இதுபோன்றதொரு சான்று உண்டு. நாம் பூசணி என்று கூறும் மஞ்சள் நிறக் காயைத் தமிழகத்தார் பரங்கிக்காய் என்பர். கடல் கடந்து வந்தது என்பதை அப்பெயரே உரைத்துவிடுகிறது. நீற்றுப்பூசணி ஆசியாவுக்கே உரியது. மஞ்சட் பூசணியோ, 1492 இல் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே மற்றைக் கண்டங்களுக்குப் பரவியது. மெக்சிக்கோவின் ஒவக்சாக்கா மாநிலத்துக் குகையொன்றிலே கிடைத்த பூசணி விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என அறிஞர் கணித்துள்ளனர். சோளத்தைப் பயிரிடுமுன்னரே அம்மக்கள் பூசணியைப் பயிரிட அறிந்திருந்தனர்.

மூன்று சகோதரிகள்

காட்டுப் பூசணி கசப்பு மிக்கது, சதை மெல்லியது. அதனை இனிய சதைப்பற்றுள்ள காயாக மாற்றியது, நல்ல காயின் விதையைத் தெரிந்தெடுத்து மறுபடி விதைத்த எண்ணற்ற தலைமுறையினரின் பொறுமையே. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இவ்வேளாண்மையைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினர்.

சோளம், போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் ஒருங்கே பயிரிட்டு, அவற்றை மூன்று சகோதரிகள் என அவர்கள் அழைத்தனர். சோளத்தின் தண்டு போஞ்சிக் கொடிக்குக் கொழுகொம்பாகும். போஞ்சியின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குரிய உரமாக மாற்றும். பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி, ஈரத்தைக் காத்து, களையை அடக்கும். உண்பவர்க்கும் இம்மூன்றும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. சோளமும் போஞ்சியும் சேர்ந்து புரதத்தைத் தர, பூசணி விற்றமின் ஏயை உதவுகிறது.

இன்று தொரன்ரோ நகரம் பரந்துள்ள நிலத்திலும் அதன் வடபாலும் வெண்டாற் மக்களின் முன்னோர் இம்மூன்றையும் பயிரிட்டு வாழ்ந்தனர். நம்மவர் இன்று வீடமைத்து வாழும் மண், ஒருகாலத்தில் பூசணிக் கொடி படர்ந்த மண்ணே.

எரியுண்ட வயல்கள்

இவ்வுணவின் கதையில் மறக்கவொண்ணாத ஆண்டு 1779. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைய நியூ யோர்க் மாநிலத்தில் வாழ்ந்த ஹோடனோசோனிக் கூட்டமைப்பு மக்களுட் பெரும்பாலார் பிரித்தானியரின் பக்கம் நின்றனர். அவர்களை ஒடுக்குமாறு ஜோர்ஜ் வொஷிங்டன் தளபதி சலிவன் என்பாரை அனுப்பினார். அப்படை நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்தது. அறுவடைக்கு நின்ற சோளமும் போஞ்சியும் பூசணியும் அழிக்கப்பட்டன, பழமரங்களும் வெட்டப்பட்டன. வீடிழந்த மக்கள் நயாகராக் கோட்டையை அண்டிப் புகலடைந்தனர். அவ்வாண்டுக் குளிர்காலமோ மிகக் கொடியது. பசியாலும் பனியாலும் பலர் மாண்டனர்.

குளிர்காலத்துக்கென விளைந்த காயை அழித்தல் எத்தகைய கொடுமை என்பதை, அக்காயின் பயனை அறிந்தவரே உணர்வர். ஊரைத் துறந்து ஓடுங்கால் மக்கள் எதை இழக்கிறார்கள் என்பதும் நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதொன்றன்று. இத்துணை அழிவுக்குப் பின்னும் அம்மக்கள் விதைகளைக் காத்து, மீண்டும் விதைத்து, இன்றுவரை மூன்று சகோதரிகளையும் வளர்த்து வருகின்றனர்.

தெரிந்தெடுத்தலும் சேமித்தலும்

சலாதுக்கு ஏற்றது பட்டர்நட் என்னும் இனம். கழுத்து நீண்டு, அடி பருத்து, சந்தன நிறத் தோலும் செம்மஞ்சட் சதையும் உடையது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்ரோ என்னும் ஊரிலே சார்ள்ஸ் லெகெற் என்பவர் 1940 களில் இதனை உருவாக்கினார் என்பர். யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் பிறந்ததும் அம்மாநிலத்திலேயே.

வாங்கும்போது தோலில் நகத்தை அழுத்திப் பார்க்கவேண்டும். நகம் பதியின் காய் முற்றவில்லை. காம்பு உலர்ந்து, காயோடு ஒட்டியிருத்தல் வேண்டும். காம்பற்ற காய் அவ்விடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். கழுத்து நீண்ட காயில் சதை மிகுதி. விதைக் குழி அடிப்பகுதியில் மட்டுமே இருக்கும். 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் கெடாதிருக்கும். முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தலாகாது. மிகுந்த குளிரால் அதன் சதை பழுதுறும். சேமித்து வைத்த சில வாரங்களில் உள்ளிருக்கும் மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லமாக மாறுவதால் காய் மேலும் இனிக்கும்.

ஓர் எச்சரிக்கை. எந்தப் பூசணியாயினும், வெட்டியவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்தல் நன்று. கடுங் கசப்பு இருப்பின் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். குக்கர்பிற்றசின் என்னும் நச்சுப்பொருளே அக்கசப்புக்குக் காரணம். சமைப்பதனால் அது நீங்காது. வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும்.

வேண்டிய பொருள்கள்

நால்வருக்குப் போதுமான அளவு வருமாறு:

பட்டர்நட் பூசணி: ஏறக்குறைய 1 கிலோ
பம்பாய் வெங்காயம்: பெரியது 1
ஒலிவ எண்ணெய்: வாட்டுவதற்கு 2 மேசைக்கரண்டி, கலவைக்கு 3 மேசைக்கரண்டி
அப்பிள் வினாகிரி: 2 மேசைக்கரண்டி
மேப்பிள் பாகு: 1 மேசைக்கரண்டி
அரைத்த கடுகு: 1 தேக்கரண்டி
கேல் அல்லது ஸ்பினாச்சுக் கீரை: 150 கிராம்
உலர்ந்த கிரான்பெரிப் பழம்: 3 மேசைக்கரண்டி
தோல் நீக்கி வறுத்த பூசணி விதை: 3 மேசைக்கரண்டி
ஆட்டுப்பாற்கட்டி: 75 கிராம்
உப்பு, மிளகுத்தூள்: அளவாக

செய்முறை

முதலில் போறணையை 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்குக. பூசணியின் இரு முனைகளையும் வெட்டி, கழுத்தையும் அடியையும் தனித்தனியே பிரித்து, வெட்டிய தட்டையான பக்கம் பலகையில் படியுமாறு நிறுத்திக்கொண்டு தோலைச் சீவவேண்டும். உருளும் காயை வெட்டப் போய்க் கையை வெட்டிக்கொள்வோர் பலர். தோல் மிக வன்மையாயிருப்பின், கத்தியால் இரண்டொரு துளையிட்டு, முழுக்காயையும் பத்து நிமிடம் போறணையில் வைத்தெடுத்தாற் சிறிது இளகும்.

விதைகளை வழித்தெடுத்தபின், சதையை ஓரங்குலத் துண்டுகளாக்குக. வெங்காயத்தை எட்டாகப் பிளந்து சேர்த்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயும், முக்காற் தேக்கரண்டி உப்பும், சிறிது மிளகுத்தூளும் இட்டுப் பிசறி, அகன்ற தட்டிலே ஒன்றன்மேலொன்று படாதவாறு பரப்புக. 20 நிமிடத்தின் பின் ஒருமுறை புரட்டி, மேலும் 10 முதல் 15 நிமிடம் வரை வாட்டவேண்டும். ஓரங்கள் பொன்னிறமாகி, கத்தி முனை தடையின்றி உட்செல்லின் பதம் எனலாம்.

இதற்கிடையில் வினாகிரி, மேப்பிள் பாகு, கடுகு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, 3 மேசைக்கரண்டி எண்ணெயைச் சிறிது சிறிதாக வார்த்து அடித்துக்கொள்க. எண்ணெயும் வினாகிரியும் பிரியாதிருக்கக் கடுகு துணை செய்யும். கேல் கீரையாயின் நடுநரம்பை நீக்கி, மெல்லிதாய் அரிந்து, சிறிது உப்பிட்டுக் கையாற் பிசைந்தால் அதன் முரட்டுத்தன்மை அடங்கும்.

அகன்ற பாத்திரத்தில் கீரையை இட்டு, அதன்மேல் சுடச்சுடப் பூசணியைக் கொட்டி, கலவையை வார்த்து, இருமுறை மெதுவாகப் புரட்டுக. பூசணியின் சூட்டிலேயே கீரை வாடிப் பதமாகும். பழத்தையும் விதையையும் தூவி, இறுதியாகப் பாற்கட்டியை உதிர்த்து உடனே பரிமாறுக.

வாட்டுவதன் நுட்பம்

பட்டர்நட் பூசணியின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பங்கு நீர். அவித்தால் அந்நீரோடு மேலும் நீர் சேர்ந்து சுவை மங்கிவிடுகிறது. வாட்டும்போது நீர் ஆவியாகிச் சுவை செறிகிறது. மேற்பரப்பு உலர்ந்து, வெப்பம் 140 பாகையை அணுகும்போது, வெல்லப்பொருளும் அமினோ அமிலங்களும் இணைந்து பொன்னிறத்தையும் நறுமணத்தையும் தோற்றுவிக்கின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மையார் 1912 இல் எடுத்துரைத்த தாக்கம் இதுவே. துண்டுகளை நெருக்கி அடைத்தால் ஆவி வெளியேற வழியின்றித் தட்டிலேயே அவிந்துவிடும். பரப்பி வைக்கவேண்டும் என்பதன் காரணம் இதுவாகும்.

எண்ணெய் சேர்ப்பதும் சுவைக்காக மட்டுமன்று. பூசணியின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோற்றீனை நம் உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். அது கொழுப்போடு சேர்ந்தே குடலில் நன்கு உறிஞ்சப்படும். இவ்விற்றமின் குறைந்தால் முதலில் தோன்றுவது மாலைக்கண். வளரும் பிள்ளைகள் பூசணிக்கறியைக் கண்டு முகஞ்சுளித்து ஒதுக்குவது நாம் எங்கும் காணும் காட்சி. குழைய அவித்த காயை வெறுக்கும் பிள்ளையும், ஓரம் பொன்னிறமாக வாட்டிய துண்டை விரும்பி உண்பதுண்டு. காயைக் குறைகூறுமுன் சமைக்கும் முறையை மாற்றிப் பார்ப்பது தாய்மார்க்கு நலம் பயக்கும்.

நம் அடுக்களையில்

நம் சந்தையிற் கிடைக்கும் மஞ்சட் பூசணியும் பெரும்பாலும் பட்டர்நட்டின் இனத்தையே சேர்ந்தது. போறணை இல்லாதோர் தடித்த இரும்புத் தாச்சியில் எண்ணெய் தடவி, துண்டுகளை ஓரடுக்காகப் பரப்பி, மூடாமல், நடுத்தர நெருப்பிலே புரட்டிப் புரட்டி வாட்டலாம். வினாகிரிக்குத் தேசிக்காய்ப் புளியும், கேல் கீரைக்குச் சலாது இலையும், பூசணி விதைக்கு வறுத்த கச்சானும் ஈடாகும். மேப்பிள் பாகுக்குப் பனம்பாணியே தக்க பதிலாள். அதுவும் மரத்தின் சாற்றை எடுத்துக் காய்ச்சுவதே. ஏறக்குறைய 40 லீற்றர் மேப்பிள் சாறு வற்றினாற்றான் 1 லீற்றர் பாகு கிடைக்கும். பாற்கட்டி வேண்டாதோர் நீர் வடித்த கட்டித் தயிரைச் சேர்க்கலாம்.

வழித்தெடுத்த விதைகளை எறிந்துவிட வேண்டா. கழுவித் துடைத்து, உப்பும் எண்ணெயும் பிசறி, 150 பாகையில் 15 முதல் 20 நிமிடம் வாட்டினால் பிள்ளைகள் கொறிக்க உதவும். சிலவற்றை நிழலில் உலர்த்தி, அடுத்த மழைக்கு வேலியோரத்தில் ஊன்றுவதும் நன்று. பல்லாயிரம் ஆண்டுகள் பெயரறியா உழவர் பலர் செய்துவந்ததும் அவ்வளவே.