டிஸ்சார்ஜ் சீட்டைப் புரியும் மொழியில் கேளுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் முதியவர்களுக்கு ஆபத்தான காலம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். நர்ஸ் சொல்லும் விளக்கம் தமிழில், அதுவும் அவசர அவசரமாக. சென்னையில் ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர் பக்கம் உருதுவோ தெலுங்கோ வீட்டு மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்குக் கடைத்தெருத் தமிழ் சரளமாக வரும். ஆனால் 'இதை அரை மாத்திரையாகக் குறைத்து, மூன்று நாளில் நிறுத்திவிடுங்கள்' என்பது பிடிபடாமல் போகலாம். கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

எங்கே தவறுகிறது?

வீட்டிலுள்ள பழைய மாத்திரையும் புதிதாக எழுதித் தந்ததும் ஒரே மருந்தாக, வேறு கம்பெனிப் பெயரில் இருக்கலாம். இரண்டையும் போட்டால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சட்டென்று இறங்கிவிடும். எனவே பழைய மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரமலான் மாதத்தில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. நோன்பு வைக்கலாமா, சஹர் நேரத்தில் எவ்வளவு, இஃப்தாருக்குப் பின் எவ்வளவு என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், மதம், சாதி, வயது, மொழி பார்த்துச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது; நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவும் சொல்கிறது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வீடு திரும்பியபின் பிள்ளைகள் கவனிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும்.

யாரிடம் போவது?

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இந்தப் பகுதிகளுக்குப் பக்கத்தில்தான். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. மூச்சுத் திணறலோ திடீர்க் குழப்பமோ வந்தால் 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனை மீதான புகாரைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தனியார் மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

புரியாத சீட்டோடு வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.