மாரி காலத்தில் காதையும் கருவியையும் காப்போம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வடபகுதியில் மாரி தொடங்கிவிடும். கார்த்திகையில் அடைமழை; மார்கழியிலும் தையிலும் விடியற்காலைப் பனி. காது கேட்கும் கருவி அணிகின்ற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நான்கு மாதங்களும் சோதனைக் காலம். உறைபனி கொட்டும் நாடுகளில் கடுங்குளிருக்குப் பயப்பட வேண்டும். எங்களுக்கோ ஈரம்தான் எதிரி.

2009ஆம் ஆண்டு வன்னியில், நாங்கள் இருந்த பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்து வெடித்தது. வெடிப்பின் அமுக்கத்தில் எனது இடது காதின் சவ்வு கிழிந்தது. அது இன்னும் முழுமையாக மூடவில்லை. வலது காதின் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. அந்தக் காதில்தான் கருவி அணிகிறேன். எங்களில் பலருக்கும் இதே கதைதான். கிழிந்த சவ்வு பலருக்குச் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆனால் உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கையிலிருக்கும் கருவியையும் காப்பாற்றுவது எங்கள் பொறுப்பு.

கருவி நின்றுபோனால் என்ன நடக்கும்? எங்கள் மாதர் சங்கத்திலுள்ள அக்கா ஒருவர் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டேன். "வந்து என்ன செய்யிறது பிள்ளை? எல்லாரும் சிரிக்கேக்க நானும் ஏனெண்டு தெரியாமல் சிரிக்க வேண்டிக் கிடக்கு" என்றார். அவருடைய கருவியில் பற்றரி வைக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. காரணம் ஈரம். அதைத் துப்புரவாக்கித் திருத்திய பின் கருவி வேலை செய்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் தவறவிட்டது கூட்டங்களை மட்டுமல்ல. சங்கத்தின் சுழற்சிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் திகதியும் கடந்துவிட்டது.

காதைக் காப்பது எப்படி?

"குளிர்காற்று காதுக்குள் போனால் சீழ் வரும்" என்று சொல்வார்கள். உண்மையில் தடிமன் பிடிக்கும்போதுதான் கிருமிகள் மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக நடுக்காதுக்குப் போகின்றன. ஆகவே மூக்கைப் பலமாகச் சீறாதீர்கள். ஒரு துவாரத்தை மூடிக்கொண்டு மற்றதை மெதுவாகச் சீறுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

சவ்வு கிழிந்த காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. தோயும்போது பஞ்சில் சிறிது வாஸ்லைன் பூசிக் காதின் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். தோய்ந்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஈரப்பஞ்சு நாள் முழுவதும் காதில் இருந்தால் அதுவே கிருமிக்கு இடம் கொடுக்கும். குளத்திலும் கடலிலும் முழுகுவதைத் தவிருங்கள்.

காதுக்குத்து வந்தவுடன் நல்லெண்ணெயைக் காய்ச்சி விடுவதும், உள்ளிச்சாறோ தாய்ப்பாலோ விடுவதும் எங்கள் வீடுகளில் வழக்கம். கிழிந்த காதுக்கு இவை ஆகாது. நெருப்புக்குச்சி, சட்டைப்பின், கோழியிறகு எதுவும் காதுக்குள் போகவேண்டாம். சீழ் வடிந்தால் சுத்தமான, உலர்ந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வடியும் காதில் கருவியின் அச்சைப் போட்டு அடைக்காதீர்கள்.

கருவியைக் காப்பது எப்படி?

மழைநாளில் வெளியே போகும்போது மூடி இறுக்கமான சிறிய டப்பா ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பலத்த மழை பிடித்தால் கருவியைக் கழற்றி அதற்குள் வையுங்கள். பனிக்குத் தலையில் துணி கட்டுவது நல்லது. ஆனால் துணி நனைந்தால் கருவியும் நனையும். காதோடு இறுக்கினால் கருவி கீச்சிடும். கருவி இல்லாமல் வீதியில் நடக்க நேர்ந்தால் வலது ஓரமாக நடவுங்கள். எதிரே வரும் வாகனங்களைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் தலையெண்ணெய் படாத, உலர்ந்த கையால் கருவியைக் கழற்றி மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பற்றரியை வெளியே எடுத்து, அதன் கதவைத் திறந்தபடியே விடுங்கள். பிறகு கருவியை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிறு பொதிகள் இவைதான். ஈரம் ஏறிய பொதி பயன்படாது, அவ்வப்போது மாற்றுங்கள். பொதி கிடைக்காத இடத்தில் சிலர் காய்ந்த அரிசியைத் துணியில் முடிந்து வைப்பார்கள். அது குறைவாகவே ஈரத்தை இழுக்கும். அரிசித் தூசு கருவியில் படாமலும் பார்க்கவேண்டும்.

நனைந்த கருவியை அடுப்படியிலோ வெயிலிலோ காயவைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் பாகங்கள் கெட்டுவிடும். நனைந்தவுடன் பற்றரியைக் கழற்றி, துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலர்த்தும் போத்தலில் வைத்த பின்பே போட்டுப் பாருங்கள்.

காதின் பின்னால் அணியும் கருவியென்றால், காலையில் குழாய்க்குள் நீர்த்துளி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குழாயையும் அச்சையும் கருவியிலிருந்து கழற்றி, கையால் அமுக்கிக் காற்றூதும் சிறிய ரப்பர் பந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் உள்ளே போகும். கழற்றிய அச்சை மட்டும் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பின் பொருத்துங்கள். கருவியை ஒருபோதும் கழுவக்கூடாது.

எங்கள் கருவிகளில் பலவற்றுக்குப் பயன்படும் சிறிய வட்டப் பற்றரி காற்றை இழுத்து வேலை செய்வது. ஒட்டியிருக்கும் தாளை உரித்து இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்படவிட்டுப் போடுங்கள். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் பற்றரி முன்போல் மிச்சமாகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டாம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடக்கூடும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

தாமதிக்கக்கூடாத வேளைகள்

காதின் பின்னால் வீக்கம், காய்ச்சலுடன் காதுவலி, நாற்றமுள்ள சீழ், தலைசுற்று, முகம் ஒரு பக்கம் கோணுதல், திடீரெனக் கேட்காமல் போதல் — இவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியரிடம் போங்கள். "மழை விடட்டும்" என்று இருக்கவேண்டாம்.

கருவி இல்லாதவர்களும், திருத்தக் காசில்லாதவர்களும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கத்திப் பேசவேண்டாம். எங்கள் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். ஓட்டுக் கூரையிலும் தகரக் கூரையிலும் மழை இரையும்போது நல்ல கருவியும் பேச்சைப் பிரித்துத் தராது.

சகோதரிகளே, பல இழப்புகளைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். மிச்சமிருக்கும் கேட்கும் திறனை ஈரத்துக்குக் கொடுத்துவிடக்கூடாது. இறுக்கமான மூடியுள்ள போத்தல் ஒன்றை இன்றிரவே தேடி எடுத்து வையுங்கள்.